இளமையில் உயர்ந்தவர்களை யார் தாங்குவது?



இவ்வாரத் தியானத்திற்கு 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். 16 வயதில் யூதாவின் சிங்காசனத்தில் ஏறிய உசியா ராஜாவின் வரலாறு அது. இளமையில் உயர்ந்து பின்பு தாழ்ந்தவர்களைக் குறித்துச் சபையாகிய நாம் எவ்வாறு பேசுகிறோம், எவ்வாறு பேச வேண்டும் என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு முன் நம் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு விளையாட்டு வீரரை நினைவுகூர்வோம். நம் பிள்ளைகள் அவரைத் தொலைக்காட்சி வர்ணனையாளராக அறிந்திருக்கலாம். ஐம்பதைக் கடந்தவர்களுக்கோ அவர் பந்துவீச்சாளர். அவர் பெயர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன்.

சென்னையில் பிறந்த அவர், 1983 ஏப்ரலில் ஆன்டிகுவா தீவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் போட்டியை ஆடினார். அப்போது அவருக்கு வயது 17. அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அவரே மிக இளையவர். 1984-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தபோது, பம்பாயில் ஒரு இன்னிங்ஸுக்கு 6 விக்கெட் வீதம் 12 விக்கெட்டுகளை வீழ்த்தி அணிக்கு வெற்றி தேடித் தந்தார். அடுத்து டெல்லியில் முதல் இன்னிங்ஸில் மீண்டும் 6 விக்கெட். 1985 மார்ச்சில் மெல்போர்னில் பாகிஸ்தானை வென்று இந்தியா உலக சாம்பியன்ஷிப் கோப்பையைப் பெற்ற இறுதிப் போட்டியிலும் அவருக்கு 3 விக்கெட்டுகள் கிடைத்தன. 19 வயது இளைஞனை நாடே தோளில் சுமந்தது.

அதற்குப் பின் ஓராண்டும் நிறைவடையவில்லை. 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதே அவருடைய கடைசி டெஸ்ட். மொத்தம் 9 டெஸ்ட் போட்டிகள், 26 விக்கெட்டுகள். அவற்றில் 18 விக்கெட்டுகள் பம்பாயிலும் டெல்லியிலும் தொடர்ந்து வந்த மூன்று இன்னிங்ஸ்களில் எடுக்கப்பட்டவை. டெஸ்ட் வாழ்க்கை முடிந்தபோது அவருக்கு வயது 20.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1988 ஜனவரியில் நம் சேப்பாக்கம் மைதானத்தில் 19 வயது நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆயினும் அவர் ஆடிய டெஸ்டுகள் 17 மட்டுமே. 1972-இல் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி லார்ட்ஸ் மைதானத்தில் தம் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட்டுகள் எடுத்தார். அவருக்குக் கிடைத்தவை 6 டெஸ்டுகள்.

இத்தகைய வரலாறுகளைக் கேட்டவுடன் நம் நாவு ஒரு தீர்ப்பைத் தேடுகிறது. "தலைக்கனம் ஏறிவிட்டது", "புகழ் கெடுத்துவிட்டது" என்கிறோம். பிரியமானவர்களே, இத்தீர்ப்பு பெரும்பாலும் அறியாமையிலிருந்து பிறக்கிறது. லெக் ஸ்பின் என்பது பந்துவீச்சுக் கலைகளிலேயே கடினமான ஒன்று. மணிக்கட்டின் திருப்பமும் விரல்கள் பந்தை விடும் கணமும் இம்மியளவு பிசகினாலும், பந்து விழ வேண்டிய இடத்தில் விழாது. எதிரணியினர் ஒருமுறை பந்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால், நேற்றைய மாயம் இன்று பலிக்காது. நம்பிக்கை குறைந்தால் கை தயங்கும். கை தயங்கினால் நம்பிக்கை மேலும் குறையும். இதில் பாவம் எங்கே இருக்கிறது? அது மட்டுமன்று. தம் வாழ்நாள் முழுவதும் தோலின் நிறத்திற்காகத் தாம் இழிவுபடுத்தப்பட்டதாகச் சிவராமகிருஷ்ணன் 2021-இல் வெளிப்படையாகக் கூறினார். கைதட்டிய கூட்டம் அந்த இளைஞனின் உள்ளத்தில் நடந்ததை அறிந்திருக்கவில்லை. அறியாதவற்றின்மேல் தீர்ப்பளிக்க நமக்கு அதிகாரம் அளிக்கப்படவுமில்லை.

இப்போது உசியாவிடம் திரும்புவோம். அவன் தாழ்ந்தது வேறு வகை. கோபுரங்களைக் கட்டினான், துரவுகளை வெட்டினான், வேளாண்மையை நேசித்தான். பலப்பட்டபின் அவன் இருதயம் மேட்டிமையடைந்தது. ஆசாரியர்களுக்கு மட்டுமே உரிய தூபங்காட்டும் பணியைத் தானே செய்யத் துணிந்தான். குஷ்டரோகியாய்த் தனித்த வீட்டில் வாழ்ந்து மரித்தான். அது மீறுதல், வேதம் அதை மீறுதல் என்றே கூறுகிறது. திறமை மங்குவது ஒன்று, தேவனைவிட்டு விலகுவது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, தளர்ந்தவனை எல்லாம் விழுந்தவனாகப் பார்ப்பதே நம்மிடையே காணப்படும் பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அவ்வதிகாரத்தின் 5-ஆம் வசனத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். உசியா தேவனைத் தேடியது சகரியா உயிரோடிருந்த நாட்களில் என்று அங்கே காண்கிறோம். தேவனுடைய காரியங்களை உணர்ந்த ஒரு மூத்தவர் அந்த வாலிப ராஜாவின் அருகில் இருந்தார். அவர் இருந்த காலமும் ராஜா நிலைநின்ற காலமும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. எனவே ஓர் இளைஞன் தளரும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இவன் என்ன செய்தான்?" என்பதன்று. "இவனுக்குச் சகரியாவாக யார் இருந்தார்?" என்பதே.

சிவராமகிருஷ்ணன் தம் கடைசி டெஸ்டை ஆடிய அதே சிட்னியில், 1992 ஜனவரியில் இந்தியாவுக்கு எதிராக மற்றொரு லெக் ஸ்பின்னர் தம் முதல் டெஸ்டை ஆடினார். 150 ஓட்டங்களைக் கொடுத்து அவர் பெற்றது ஒரேயொரு விக்கெட். அவர்தாம் ஷேன் வார்ன். பின்னாளில் 708 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டினார். அவருக்கு இளமை முதல் வழிகாட்டியாக இருந்தவர் டெர்ரி ஜென்னர். ஜென்னரும் 9 டெஸ்டுகள் மட்டுமே ஆடிய லெக் ஸ்பின்னர். சூதாட்டக் கடனுக்காக வேலை செய்த இடத்தின் பணத்தைக் கையாடி, சிறைக்குச் சென்று மீண்டவர். தம் ஆட்டம் முடிந்து, நற்பெயரையும் இழந்த ஒரு மனிதர், மற்றொருவரின் கையைப் பிடித்து நடத்தினார். "எனக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்று ஒதுங்கி நிற்கும் நம் சபைப் பெரியவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

காஞ்சிபுரத்துத் தறியை அறிந்த உங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலையை ஒருவர் தனியே நெய்வதில்லை. உடலும் கரையும் சேர, தறியில் துணையாள் ஒருவர் வேண்டும். சேலையைப் பார்ப்பவர் நெய்தவரைப் புகழ்வார். துணையிருந்த கையை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் அந்தக் கை இல்லாவிடில் கரை சேராது.

இப்போது நம் சபைகளைப் பாருங்கள். 14 வயதில் இனிமையாகப் பாடும் சிறுமியை ஒவ்வொரு கூட்டத்திலும் மேடையேற்றுகிறோம். வேதாகம வினாடி வினாவில் பரிசு பெற்ற சிறுவனை "வருங்கால ஊழியர்" என்று அறிமுகப்படுத்துகிறோம். பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற பிள்ளையின் படத்தைப் பதாகையில் அச்சிடுகிறோம். சில ஆண்டுகளுக்குப் பின் குரல் மாறுகிறது, மதிப்பெண் குறைகிறது, வேலை கிடைக்கத் தாமதமாகிறது. அப்பிள்ளை கடைசி வரிசையில் அமரத் தொடங்குகிறது. பிறகு அந்த இடமும் வெறுமையாகிறது. வழியில் கண்டால், "முன்பு எவ்வளவு நன்றாகப் பாடினாய், இப்போது என்ன ஆயிற்று?" என்று கேட்கிறோம். அன்பாகவே கேட்கிறோம் என்று எண்ணுகிறோம். கேட்கப்படுகிறவனுக்கோ அது கல்லெறியாகவே படுகிறது.

பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுத் திரும்பிய யோவான் மாற்கை நினையுங்கள். அவனை மறுபடியும் அழைத்துச் செல்லப் பவுல் இசையவில்லை. பர்னபாவோ அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். பல ஆண்டுகளுக்குப் பின், சிறையிலிருந்து எழுதிய கடைசி நிருபத்தில், மாற்கு தமக்கு ஊழியத்தில் பிரயோஜனமானவன் என்று பவுலே எழுதி அவனை அழைத்துவரச் சொல்கிறார். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஒரு பர்னபா இருந்தார் என்பதை மறக்கலாகாது.

ஆகையால் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, வளரும் பிள்ளைகளின் வரத்தை மேடையில் காட்டுவதைக் குறைத்து, மறைவில் பயிற்றுவிப்பதைப் பெருக்குவோம். இரண்டாவது, மேடையேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூத்தவர் பொறுப்பேற்கட்டும். வெற்றி நாளில் அல்ல, தோல்வி நாளில் அவர் வீட்டிற்குச் செல்லட்டும். மூன்றாவது, தளர்ந்தவர்களைப் பழைய சிறப்பைச் சொல்லி அறிமுகப்படுத்தாமல், இன்று அவர்களால் செய்யக்கூடிய பணியை அவர்களிடம் ஒப்படைப்போம். சிவராமகிருஷ்ணன் பின்னாளில் மட்டையாளராகத் தமிழ்நாட்டு அணிக்கு ஆடினார். 1987-88-இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார். அதன் பின் வர்ணனையாளராக நெடுங்காலம் பணியாற்றினார். ஹிர்வானி 2008-இல் தேசிய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இடம்பெற்றார். ஒரு வாசல் அடைபட்டதால் வாழ்க்கை முடிந்துவிடவில்லை.

உன் சிறந்த நாட்கள் கடந்துவிட்டன என்று எண்ணி இதை வாசிக்கும் சகோதரனே, சகோதரியே, உனக்கும் ஒரு வார்த்தை. ஒரு பாவில் மூன்று சேலைகள் நெய்வது நம் ஊர்ப்பக்கத்து வழக்கம். முதற்சேலையை அறுத்தெடுத்தபின் தறி வெறுமையாவதில்லை. பாவு இன்னும் மீதமிருக்கிறது. உன்னைத் தெரிந்துகொண்டவர் உன் குரலுக்காகவோ மதிப்பெண்ணுக்காகவோ தெரிந்துகொள்ளவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்தாலும் பரவாயில்லை, வா. அங்கே உன் பக்கத்தில் வந்து அமர ஒருவரைக் கர்த்தர் எழுப்புவார். அந்த ஒருவர் யார் என்று மற்றவர்களாகிய நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, இளமையில் உயர்ந்தவர்களைப் பெருமையிலிருந்து காத்தருளும். தளர்ந்தவர்களை எங்கள் நாவின் தீர்ப்பிலிருந்து விடுவியும். எங்களில் சகரியாக்களையும் பர்னபாக்களையும் எழுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.