வெள்ளாங்குளம் மாணவரின் சீருடை தொடர்பான கோரிக்கை மனு

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மடு கல்வி வலயம்.

அனுப்புநர்:
பாடசாலைப் பெற்றோர் சங்கத்தினர்,
வெள்ளாங்குளம், மாந்தை மேற்கு.

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

விடயம்: சீருடைக் குறையால் பிள்ளைகளின் படிப்பு தடைப்படாதிருக்க வழிசெய்தல்

1993ஆம் ஆண்டில் அரசு இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீன அரசின் நன்கொடையாக வந்தது. இவ்வுதவிக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் தையற்கூலியும் சப்பாத்துச் செலவும் கடற்றொழிலையும் கூலிவேலையையும் நம்பிய எமது குடும்பங்களுக்குப் பெரும் பாரமாக உள்ளன.

எமது பிள்ளைகள் சீருடையை வெறுப்பவர்கள் அல்லர். பாய்க்குக் கீழே மடித்துவைத்து மடிப்பெடுத்து உடுத்துபவர்கள். 2008இல் போரால் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, கிடைத்த உடுப்போடு முகாம்களில் படித்தவர்கள் பலர் இன்று பெற்றோராக உள்ளனர். வெள்ளைச் சட்டையோடு பிள்ளை படலையைத் தாண்டிப் போவது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பலருக்கு உள்ளது ஒரே சோடி உடுப்பு. பின்னேரம் தோய்த்தால் மாரியில் விடியும்வரை காயாது. ஈர உடுப்போடு போகவும் இயலாமல், நிற உடுப்போடு போகக் கூச்சப்பட்டுப் பிள்ளை வீட்டில் நின்றுவிடுகிறது. மாதவிடாய் நாட்களில் வெள்ளை உடுப்பில் கறை படிந்துவிடுமோ என்ற பயத்தில் பெரிய பிள்ளைகளும் பாடசாலைக்குப் போவதில்லை.

ஆகையால் பின்வருவனவற்றைக் கோருகின்றோம்:

1. புதிய கல்வியாண்டு தொடங்க ஒரு மாதத்துக்கு முன்னரே துணி பிள்ளைகளின் கையில் கிடைக்க வேண்டும்.

2. வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இரண்டாவது சோடியும் தையற்கூலியும் வழங்க வேண்டும். அத்தையல் வேலையைப் பெண்கள் தலைமை தாங்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கு ஒப்படைக்கலாம்.

3. சப்பாத்து வவுச்சர் தகுதியுள்ள எந்தப் பிள்ளைக்கும் விடுபடாமல் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

4. மாரி காலத்தில் நிற உடுப்பும் செருப்பும் அணிய அனுமதிக்க வேண்டும். உடுப்புக் குறைக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தவோ வீட்டுக்குத் திருப்பி அனுப்பவோ கூடாது என எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

5. மாணவிகளுக்கு மாதவிடாய்த் துவாய்கள் பாடசாலையிலேயே கிடைக்க வேண்டும். அந்நாட்களில் நிற உடுப்பு அணிய இடமளிக்க வேண்டும்.

6. சீருடை பற்றிய தீர்மானங்களை எடுக்குமுன் மாணவத் தலைவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும்.

பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே வாங்கில் சமமாக இருக்கவே சீருடை வந்தது. அந்தச் சீருடை இல்லாத காரணத்தால் எமது பிள்ளை ஒருநாளும் பாடம் இழக்காதிருக்க, எதிர்வரும் மாரிக்கு முன்னர் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்

பிரதிகள்: மாகாணக் கல்விப் பணிப்பாளர், வட மாகாணம், பிரதேச செயலாளர், மாந்தை மேற்கு.