ரசம் கொதிச்சதுக்கும் ஸ்டேட்டஸ் போடுங்க

ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப் எதைத் திறந்தாலும் இப்போ ஒரே மாதிரி செய்திதான். அட்மிட் வந்தாச்சு, விசா கிடைச்சாச்சு, பாண்டி பஜார்ல ஜாக்கெட் வாங்கியாச்சு, மயிலாப்பூர் அம்பிகா அப்பளம் டிப்போவுல வாங்கினதை எல்லாம் பெட்டியில அடுக்கியாச்சு. கடைசியா ஏர்போர்ட்ல குடும்பத்தோட ஒரு போட்டோ. அதுக்கப்புறம் ஆள் ரெண்டு வருஷம் காணாமப் போயிடுவார். அடுத்த போட்டோ பட்டமளிப்பு கவுனோட வரும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு அவங்களும் சொல்றதில்ல, நாமளும் கேக்கறதில்ல.

அந்த நடுவுல நடக்கற சின்னச் சின்ன வெற்றிகளைக் கொண்டாடணும்ங்கிறதுதான் என் கட்சி. போனவங்க மட்டும் கொண்டாடினா போதாது. இங்க இருக்கற நாமளும் சேர்ந்து கொண்டாடணும்.

நம்ம ஊர்ல இருந்து வெளிநாடு போனவங்கள்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பெயர் ராமானுஜன். திருவல்லிக்கேணியில குடியிருந்து, துறைமுகத்துல மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா வேலை பார்த்தவர். 1914 மார்ச் 17-ஆம் தேதி மெட்ராஸ்ல கப்பல் ஏறினார். நாம கதை சொல்லும்போது அங்கிருந்து நேரா எஃப்.ஆர்.எஸ். பட்டத்துக்குத் தாவிடுவோம். போனாப் போகுதுன்னு 1729 டாக்ஸி கதையைச் சேர்த்துக்குவோம்.

எனக்குப் பிடிச்சது போர்வைக் கதை. கேம்பிரிட்ஜ் குளிர்ல ராமானுஜன் ஓவர்கோட் போட்டு, சால்வையும் சுத்திக்கிட்டுத் தூங்கிட்டிருந்தார். அங்க படிச்சுக்கிட்டிருந்த மஹலனோபிஸ் (பின்னாடி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பிச்சவர்) ரூமுக்கு வந்து கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் இருந்துச்சு. ஆனா மெத்தைக்கு அடியில இறுக்கமா சொருகி, மேல ஒரு விரிப்பும் போட்டிருந்தாங்க. அதை இழுத்து விட்டு உள்ள புகுந்து படுக்கணும்னு ராமானுஜனுக்குத் தெரியல, இத்தனை நாளா மேலயே படுத்திருந்தார். மஹலனோபிஸ்தான் எப்படின்னு செஞ்சு காட்டினார். ஹார்டியையே அசர வச்ச மூளை அது. இருந்தும், அன்னிக்கு ராத்திரி அவருக்கு அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இருந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு ரசக் கதை. அவர் சுத்த சைவம், ரூம்லயே தானே சமைச்சுக்குவார். ஒரு நாள் நண்பர் ஒருத்தரையும் ரெண்டு பெண்களையும் விருந்துக்குக் கூப்பிட்டு ரசம் பரிமாறினார். ரெண்டாவது தடவையும் வாங்கிக்கிட்டாங்க. மூணாவது தடவை அந்தப் பெண்கள் போதும்னு சொன்னதும், ராமானுஜன் சத்தமில்லாம ரூமை விட்டுப் போயிட்டார். சில நாள் கழிச்சு ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து, 5 பவுண்டு அனுப்ப முடியுமான்னு அந்த நண்பருக்குத் தகவல் வந்துச்சு. நம்ம பாஷையில சொன்னா செம ஓவர் ரியாக்‌ஷன். ஆனா யுத்த காலம், ஊரை விட்டு இவ்வளவு தூரம், தன் கையால வச்ச ரசம். அவரைப் பொறுத்தவரை அது ஒரு வெற்றி. எதிர்ல உக்காந்திருந்தவங்களுக்கு வெறும் ரசம்.

1918 தொடக்கத்துல அவர் தற்கொலைக்கே முயற்சி பண்ணினார். அதே வருஷம் மே மாசம் ராயல் சொசைட்டி, அக்டோபர்ல டிரினிட்டி ஃபெல்லோஷிப். நாம விழா மேடையில பேசறது ரெண்டாவது வாக்கியத்தை மட்டும்தான். நோய், யுத்தம், தனிமைன்னு அவருக்கு ஏகப்பட்டது இருந்துச்சு. ரசத்தைப் பாராட்டியிருந்தா எல்லாம் சரியாயிருக்கும்னு நான் சொல்ல வரல. பெரிய விருது பக்கத்துல வந்துட்டதால மட்டும் ஒருத்தர் நல்லா இருக்கார்னு அர்த்தம் இல்லைன்னுதான் சொல்றேன்.

மயிலாப்பூர்ல வளர்ந்த சந்திரசேகரையே எடுத்துக்கோங்க. 1930-ல, 19 வயசுல, கப்பல்ல போகும்போதே வெள்ளைக் குறுமீன் நட்சத்திரங்களோட நிறை வரம்புக்கான கணக்கைப் போட்டுட்டார். அதாவது கேம்பிரிட்ஜ்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே பெரிய வெற்றி கையில இருக்கு. அப்படியும் முதல் சில வருஷம் தனிமையிலதான் போச்சு. 1931-ல அம்மா இறந்தப்போ அவர் கடல் தாண்டி இருந்தார். நோபல் வந்தது 1983-ல. கொண்டாட்டத்துக்கு அதுவரைக்கும் காத்திருக்கறது ரொம்ப லாங் கேப் இல்லையா?

இப்போ ஜெர்மனியில படிக்கற எங்க சீனியர் ஒருத்தர் விஷயம். அங்க சூப்பர் மார்க்கெட்ல காலி பாட்டிலை மெஷின்ல போட்டா, டெபாசிட்டா கொடுத்த 25 சென்ட் திரும்பி வரும். வரிசையில பின்னாடி நிக்கறவங்க முறைக்கறதுக்குள்ள, யார்கிட்டயும் கேக்காம அந்த மெஷினை முதல் தடவையா ஓட்டினதை அவர் வீட்டுக்கு வீடியோ கால் போட்டுச் சொன்னார். அப்பா கேட்ட அடுத்த கேள்வி: "சரிப்பா, பார்ட் டைம் வேலை ஏதாவது கிடைச்சுதா?" அப்பா மேல தப்பில்ல, தலைக்கு மேல கல்விக் கடன் நிக்குது. ஆனா அதுக்கப்புறம் இவர் வீட்ல இந்த மாதிரி எதையும் சொல்றதில்ல. கடன் லட்சத்துல இருக்கும்போது 25 சென்ட் சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமா இருக்குங்கறார்.

"இதையெல்லாம் கொண்டாடினா கோல் மறந்துடும்"னு சிலர் சொல்வாங்க. நாம இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ், நம்மகிட்டயேவா? ஃபர்ஸ்ட் இயர்ல ஆர்டுவினோவுல முதல் எல்.ஈ.டி. மினுக்கினப்போ லேப்பே கைதட்டுச்சு. "இது ரோபோ இல்லையே"ன்னு யாரும் கேக்கல. கைதட்டினவங்கள்ல யாரும் அதோட பிராஜெக்டை நிறுத்திடவும் இல்ல.

அதனால இந்த ஆகஸ்ட்ல உங்க பெஞ்ச்மேட் யாராவது ஃபிளைட் ஏறினா, முதல் வாரமே "யூனிவர்சிட்டி எப்படி? இன்டர்ன்ஷிப் எப்போ?"ன்னு ஆரம்பிக்காதீங்க. பஸ் பாஸ் எடுத்தாச்சா, சாதம் குழையாம வந்துச்சா, பக்கத்து ரூம் ஆளோட பேசியாச்சான்னு கேளுங்க. கிளம்பற ஆளு நீங்கன்னா, அந்த ஊர்ல உங்க குக்கர் முதல் விசில் அடிச்ச உடனே குரூப்ல ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. இங்க ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் பரவாயில்ல, முழிச்சிருக்கற யாராவது ஒரு ஹார்ட் போடுவோம்.