மின்வாரியம் நம்ம சொத்து! கணக்குக் கேட்பது நம்ம உரிமை!

விவசாயப் பெருமக்களே!

"ஓசி கரண்டு வாங்கிக்கிட்டு இவங்களுக்கு என்னய்யா பேச்சு?" டீக்கடையிலும் கேட்கிறோம், டி.வி.யிலும் கேட்கிறோம். மின்வாரியம் நட்டம் என்று செய்தி வந்தால் போதும், எல்லார் விரலும் நம்ம பம்புசெட்டைத்தான் காட்டுது. இதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் நாளைக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் பேச வருவார்கள்.

பழைய கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1932-ல் பைக்காராவிலும் 1937-ல் மேட்டூரிலும் அரசாங்கம் மின்சாரம் எடுத்தது. 1957 ஜூலை 1-ந் தேதி மின்சார வாரியம் பிறந்தது. ஊர் ஊராகக் கம்பி இழுத்தார்கள். கவலை இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடியது. கிணறு வெட்டியதும் நம்ம கடன், மோட்டார் வாங்கியதும் நம்ம கடன். கரண்டுக்கும் காசு கட்டித்தான் ஓட்டினோம்.

1970-ல் யூனிட் 8 பைசாவை 10 பைசா ஆக்கியபோது கோவை மாவட்டமே கொதித்தது. ஜூன் 19-ல் பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரை விட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பைசா குறைந்தது. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வீதிகளை மாட்டுவண்டிகள் நிறைத்தன. 1984-ல் சிறு விவசாயிக்கும், 1990-ல் எல்லா விவசாயிக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. 2003-ல் மறுபடி கட்டணம் போட்டார்கள். 2004-ல் திரும்பப் பெற்றார்கள். இது பிச்சை இல்லீங்க, ரத்தம் சிந்தி வாங்கினது.

சரி, நம்மாலதான் நட்டமா? மின்சாரச் சட்டம் 2003, 65-வது பிரிவு என்ன சொல்லுது? சலுகை கொடுக்கிற அரசு, அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். நம்ம சர்வீசுக்குக் குதிரைத்திறன் கணக்கில் ஆணையம் விலை போடுகிறது; அரசு கட்டுகிறது. ஆனால் பெரும்பாலான பம்புசெட்டில் மீட்டர் கிடையாது. எவ்வளவு ஓடியது என்பது வெறும் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டைக் கூட்டி எழுதினால், கம்பியில் வீணாவதும் திருட்டில் போவதும் விவசாயி தலையில் ஏறிவிடும். மோட்டாருக்கு மீட்டர் மாட்ட வராதே. டிரான்ஸ்பார்மருக்கு மாட்டு, உண்மை வெளியே வரட்டும் என்கிறோம்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 1999-ல் ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. கட்டண மனு போட்டால் மக்கள் கருத்தைக் கேட்டுத்தான் ஆணை போட வேண்டும். 21 பேர் வரை உள்ள ஆலோசனைக் குழுவில் வேளாண்மைக்கும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது என்ன? 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்குக் கருத்துக் கேட்டது கோவை, மதுரை, சென்னை என்று மூன்றே ஊரில். நாகப்பட்டினத்து விவசாயி மாட்டை யாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவான்?

2010-ல் வாரியத்தைக் கம்பெனிகளாகப் பிரித்தார்கள். 2024-ல் பகிர்மானம், உற்பத்தி, பசுமை எரிசக்தி என்று மறுபடி பிரித்தார்கள். பெயர்ப்பலகை மாறலாம். பங்கு முழுக்க அரசிடம் இருக்கிறது. அரசுக்குப் பணம் ஏது? நம்ம வரிப்பணம்தானே! சொத்துக்காரனுக்குக் கணக்குக் காட்டாத கம்பெனி எங்காவது உண்டா?

ஆகவே அரசையும் ஆணையத்தையும் கேட்கிறோம்:

1. கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாவட்டம்தோறும் நடத்து!

2. கட்டண மனுவையும் வரவு செலவுக் கணக்கையும் முழுமையாகத் தமிழில் கொடு!

3. விவசாய டிரான்ஸ்பார்மர்களில் மீட்டர் வைத்து, ஊர் வாரியாகக் கணக்கை வெளியிடு!

4. ஆலோசனைக் குழுவில் நிலத்தில் உழுகிற விவசாயியை உட்கார வை!

கரண்டு கேட்டுப் போராடினார்கள் நம்ம பெரியவர்கள். கணக்குக் கேட்டுப் போராடுவது நம்ம முறை. பச்சைத் துண்டோடு திரண்டு வாருங்கள்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!