முதல் காலம் எங்கே போயிற்று?

போன வாரம் பேரன் கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு, "அப்புச்சி, மணிக்கட்டு எரியுதுங்க. இனி கிளாஸுக்குப் போகலைங்க" என்றான். பத்து வயசு. சேர்ந்து நாலு மாசம். அதற்குள் ட்ரெமலோ! யார் வேகமாக வாசிக்கிறானோ அவனை வீடியோ எடுத்துப் பெற்றோருக்கு அனுப்புகிறார்களாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பையன் சோம்பேறி இல்லை. சொல்லிக் கொடுக்கிற முறை கோளாறு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தந்தியை ஒரு தடவை மீட்டினால் ஓசை சீக்கிரம் தேய்ந்துவிடும். தேயவிடாமல், அதே சுரத்தைப் பிளெக்ட்ரம் வில்லையால் மேலும் கீழுமாக விடாமல் மீட்டுவதுதான் ட்ரெமலோ. பழைய சினிமாப் பாட்டுகளில் மாண்டலின் நடுங்கி நடுங்கி வருமே, அதேதான். அமெரிக்காவில் டிக் டேல் 1962-இல் 'மிஸிர்லூ'வை எலக்ட்ரிக் கிட்டாரில் இப்படி வாசித்துத்தான் பெயர் வாங்கினார்.

வெள்ளகோவிலில் தறி பார்க்காதவர் உண்டா? நாடா அந்தப் பக்கம் போன மாதிரியே இந்தப் பக்கமும் வரவேண்டும். இழை அறுந்தால் தறியை நிறுத்துவோமா, இன்னும் வேகமாக ஓட்டுவோமா? வில்லையும் அப்படித்தான். கீழே போகும் மீட்டும் மேலே வரும் மீட்டும் ஒரே அளவாகக் கேட்கவேண்டும். நுனி மட்டும் தந்தியில் படவேண்டும். முழங்கை இறுகினால் அந்த நிமிஷமே நிறுத்தவேண்டும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு மீட்டு. அது சுத்தமாக வந்த பிறகு மூன்று, அப்புறம் நாலு. நாலு வந்தாலே நிமிஷத்துக்கு 240 ஆகிவிடுகிறது, போதாதா? ஓய்வு பெற்ற பிறகு கிட்டார் பிடித்தவன் நான். அவசரப்பட்டு முழங்கை வீங்கி, இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

"மேல்நாட்டு வாத்தியம், நம்ம முறை ஒத்துவராது" என்கிறார் ஒரு நண்பர். மெட்ரோனோமே மேல்நாட்டுச் சாமான்தானே ஐயா! நம் பக்கம் சரளி வரிசையை முதல் காலத்தில் நிறுத்திப் பாடிய பிறகுதான் இரண்டாம் காலம், மூன்றாம் காலம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்தி வைத்த எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதே கமகத்துக்காகத்தான். வேகம் அவரிடம் ஏராளம். சுரம் சுத்தமாக இருந்ததால் அது காதில் நின்றது.

வாத்தியாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீடியோ வரவில்லை என்றால் போன் போட்டுக் கேட்கிற பெற்றோர் யார்? என் மருமகனும்தான்.

நேற்றுச் சாயங்காலம் பேரனும் நானும் திண்ணையில் உட்கார்ந்தோம். 60-க்கு இரண்டு மீட்டு, கால்மணி நேரம்.

"போரடிக்குதுங்க, அப்புச்சி."

"கை எரியுதா?"

"இல்லீங்க."