வானத்துக்கு எதற்கு விளக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தவர்கள் இதையும் படித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் புது வீடோ, பண்ணை வீடோ, தங்கும் விடுதியோ எழும்பினால் உடனே மொட்டைமாடியில் ஒரு ஃபோகஸ் லைட் ஏறிவிடுகிறது. கேட் தூண் இரண்டிலும் வெள்ளை உருண்டை விளக்கு. தோட்டத்தில் மரத்தடியில் புதைத்து, மேல்நோக்கி அடிக்கும் பச்சை விளக்கு. மாலை ஆறு மணிக்குப் போட்டால் விடிந்த பிறகுதான் அணைகிறது. ஏன் என்று கேட்டால், "எல்இடி தானே சார், கரண்ட் ஆகாது" என்கிறீர்கள். கரண்ட் பில்லைப் பற்றி யார் கேட்டது?

வாசலில் தொங்கவிட்ட 60 வாட் குண்டு பல்பு ஞாபகம் இருக்கிறதா? அந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்இடி தந்துவிடும். அப்படியானால் 50 வாட் ஃபோகஸ் லைட் என்பது ஐந்தாறு குண்டு பல்புகளை ஒன்றாகக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். அந்தக் காலத்தில் யாராவது வாசலில் ஆறு பல்பு தொங்கவிட்டால் ஊரே சிரித்திருக்கும். செலவு குறைந்ததும் கூச்சமும் போய்விட்டது.

இந்த மலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். காரணம் காவலூர். ஆலங்காயம் தாண்டி, சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரை வைணு பாப்பு என்ற வானியல் அறிஞர் 1960களில் தேடிப் பிடித்தார். நகரங்களின் வெளிச்சம் எட்டாத இடம். தென்வானமும் நன்றாகத் தெரியும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அதில் பார்த்து, அங்கே மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று சொன்னார்கள். 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்ட இடங்களில் நம் காவலூரும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். இத்தனைக்கும் மூலதனம் இருட்டுதான். கண்ணாடியை வெளிநாட்டில் வாங்கலாம். இருட்டை எங்கே போய் வாங்குவது?

"என் ஒரு வீட்டு விளக்கால் என்ன ஆகிவிடும்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஏரியில் சாக்கடையை விடுகிறவர்கள் எல்லோரும் சொன்ன வசனம் இது. பத்தாம் வகுப்பில் படித்த ராலே சிதறல் விதியை நினைத்துப் பாருங்கள். சிதறல், அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரஞ்சு ஒளியைவிட நீல ஒளி மூன்று மடங்கு அதிகமாகச் சிதறும். கடையில் 'கூல் டேலைட்' என்று விற்கும் 6500 கெல்வின் விளக்கில் இருப்பது நிறைய நீலம். அது காற்றில் சிதறி, வானத்தில் வெண்திரையாக விரிகிறது. அந்தத் திரைக்கு உங்கள் வீட்டு எல்லையும் தெரியாது, ஊர் எல்லையும் தெரியாது.

அடுத்த வாதம் பாதுகாப்பு. திருடனுக்குப் பயந்துதான் ஃபோகஸ் லைட் என்கிறார்கள். எதிரே வண்டி ஹை பீம் போட்டு வந்தால் உங்களுக்கு ரோடு தெரிகிறதா? கண் கூசினால் பாவை சுருங்கும். வெளிச்சத்துக்குப் பக்கத்திலுள்ள நிழல் இன்னும் கருப்பாகும். ஒளிந்து நிற்பவனுக்கு அதைவிட வசதி வேறென்ன? பாம்புக்குப் பயம் என்கிறவர்களும் யோசியுங்கள். வெள்ளை விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளையைத் தேடி எது வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, அழகு. மரத்துக்குப் பச்சை விளக்கு போட்டால் அழகு என்று யார் சொல்லிக்கொடுத்தது? மரம் ஏற்கெனவே பச்சைதான். அதில் அடைகிற பறவைக்கு இரவு வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தூக்கம் வேண்டும்.

என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்கிறவர்களுக்கு, சுருக்கமாக ஐந்து பாடம்.

ஒன்று: விளக்குக்கு மேலே மூடி இருக்க வேண்டும். வெளிச்சம் தரையில் விழட்டும். தள்ளி நின்று பார்த்தால் பல்பு கண்ணில் படக் கூடாது.

இரண்டு: 2700 கெல்வின் 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்குங்கள். அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

மூன்று: தோட்டப் பாதைக்கு முழங்கால் உயரக் கம்பம் போதும். நடக்கிறது நம் கால்தானே?

நான்கு: வாசலுக்கு 5 வாட் போதும். படிக்கட்டுக்கு அதைவிடக் குறைவாகவும் வைக்கலாம்.

ஐந்து: சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது, அதை அணைக்கவும் பயன்படுத்தலாம். மறதிக்காரர்கள் மோஷன் சென்சார் வையுங்கள். சட்டென்று எரியும் விளக்குதான் திருடனையும் திடுக்கிட வைக்கும்.

இது ஊர் உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958இலேயே, வானாய்வுக்கு இடைஞ்சலாக இருந்த விளம்பர ஒளிக்கற்றை விளக்குகளைத் தடை செய்தது. லடாக்கில் ஹான்லேயைச் சுற்றிய பகுதியை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்த ஊர் மக்கள் விளக்குகளுக்கு மூடி போடுகிறார்கள், இரவில் திரைச்சீலையை இழுத்து விடுகிறார்கள். நட்சத்திரம் பார்க்க வரும் விருந்தினர்களால் அவர்களுக்கு வருமானமும் வருகிறது. நம் மலையில் விடுதி நடத்தும் தம்பிகள் இதைக் கவனியுங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவன் வெளிச்சம் பார்க்கவா வருகிறான்? அது அவன் தெருவிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறதே!

உங்களில் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறீர்கள், என்ஜினியர்கள் இருக்கிறீர்கள், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். தெருவிளக்கு மாற்றும்போதும் இந்தக் கணக்கைப் போடுங்கள். மற்றவர்கள் இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு மாடியில் கால்மணி நேரம் நில்லுங்கள். பிறகு எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிக்க முடிந்தால், அந்த ஃபோகஸ் லைட்டை நாளைக்கே கழற்றுங்கள்.