விருந்தாளியின் கடிகாரம்

விண்டோசுக்குள் ஒரு மெய்நிகர் கணினியை நிறுவி, அதில் லினக்ஸ் ஓட்டிப் பார்ப்பவர்களின் வழக்கமான புகார்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு, இன்னிக்கு எல்லாம் கோளாறு." டெபியனில் ஆப்ட் கட்டளை கொடுத்தால், ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது. மேக் கட்டளையோ, கோப்பின் தேதி எதிர்காலத்தில் இருப்பதாகப் புலம்புகிறது. உடனே திட்டு விழுவது லினக்சுக்கு. மறுபடி இன்ஸ்டால் செய்யக்கூடத் தயார். மூலையில் இருக்கும் கடிகாரத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

நிஜக் கணினியில் டைமர் சிப் ஒன்று, நொடிக்கு இத்தனை தடவை என்று பிராசசரைத் தட்டிக்கொண்டே இருக்கும். பழைய இயங்குதளங்கள் அந்தத் தட்டல்களை எண்ணியே நேரத்தைக் கணக்கிட்டன. லினக்ஸ் 2.4ல் நொடிக்கு 100 தட்டல். 2.6ல் அது 1000 ஆனது; 2005ல் வந்த 2.6.13ல் வழக்கமான அளவை 250 ஆகக் குறைத்தார்கள். மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளம், பெயருக்கு ஏற்றபடி, ஒரு விருந்தாளிதான். வெளியே இருக்கும் சிஸ்டம் வேறு வேலையில் மும்முரமாக இருந்தால் விருந்தாளிக்கு பிராசசர் கிடைக்காது. அந்த நேரத்துத் தட்டல்கள் தவறிப்போகும். பத்தில் ஒன்று தவறினாலே மணிக்கு 6 நிமிடம் பின்தங்கும்.

இதைவிட மோசம், சரிசெய்யப் போய் வரும் கோளாறு. தவறிய தட்டல்களை விஎம்வேர் பிறகு வேகவேகமாகக் கொடுத்து ஈடுகட்டும். சில லினக்ஸ் கர்னல்கள், தட்டல் தவறியதைத் தாமே ஊகித்து நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரே கடனை இரண்டு பேர் அடைத்த கதைதான். கடிகாரம் முன்னால் ஓட ஆரம்பித்துவிடும்.

"என்டிபி போட்டால் போதுமே" என்பவர்கள் சொல்வது பாதிதான் சரி. அது கடிகாரத்தை மெல்ல நகர்த்திச் சரிசெய்யும் வேகம், அதிகபட்சம் நாளுக்கு 43 நொடி. மணிக்கு 6 நிமிடம் தவறவிடும் கடிகாரத்தோடு அது எப்படி மல்லுக்கட்டும்? இடையிடையே நேரத்தைத் தடாலென்று தாண்ட வைக்கும். வித்தியாசம் 1000 நொடியை மீறினால் கைவிட்டு நின்றேவிடும்.

தட்டல் எண்ணுவதை விட்டொழிப்பதுதான் உருப்படியான வழி. 2008ல், லினக்ஸ் 2.6.26ல் வந்த கேவிஎம் கிளாக் அதைத்தான் செய்தது. வெளியே உள்ள சிஸ்டம் நேரக் கணக்கைப் பொதுவான நினைவகப் பக்கத்தில் எழுதிவைக்க, விருந்தாளி அதைப் படித்துக்கொள்ளும். தான் விருந்தாளி என்று ஒப்புக்கொண்ட விருந்தாளி!

ஆனாலும் லேப்டாப்பை மூடித் திறந்தாலோ, பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாலோ, தூங்கியது தெரியாமல் பழைய நேரத்திலேயே கண்விழிக்கும் தொல்லை இன்றும் உண்டு. ஆப்ட் புலம்புவது பெரும்பாலும் இதனால்தான். விர்ச்சுவல்பாக்சின் கெஸ்ட் அடிஷன்ஸைத் திரை பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே பலர் போடுகிறார்கள். நேரத்தைச் சரிசெய்வதும் அதே பொட்டலம்தான். அதைப் போட்டவர்கள் கூடவே என்டிபியையும் ஓடவிட்டால், மறுபடி இரண்டு பேர் ஒரு கடனை அடைக்கும் கதை.

மெய்நிகர் கணினிக்குள் அளந்த மில்லிநொடிகளைப் புராஜெக்ட் அறிக்கையில் அட்டவணை போட்டுக் காட்டுபவர்கள், வெளியே உள்ள கடிகாரத்தை வைத்தும் ஒரு தரம் அளந்து பார்க்கட்டும்.