சரக்கு தந்தவருக்கும் ஓட்டு வேண்டும்

நொடித்துப்போன ஆலைக்கு வாங்குபவரைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமல்ல. சிதறிக் கிடக்கும் கணக்குகளைத் திரட்ட வேண்டும், சொத்தை மதிப்பிட வேண்டும், பெரிய நிறுவனங்களை அழைத்துவந்து விலையை ஏற்றிவிட வேண்டும். இதைச் செய்யும் முதலீட்டு வங்கியாளர்களும் தீர்வு வல்லுநர்களும் கட்டணம் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால், ஏற்றிவிட்ட விலையின் பலன் யாருக்குப் போகிறது?

குஜராத்தின் ஹஜீராவில் இயங்கிவந்த எஸ்ஸார் ஸ்டீல் 2017 ஆகஸ்டில் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. அதை வாங்க ஆர்செலர்மிட்டலும் நுமெட்டலும் மல்லுக்கட்டின. 270 நாள்களில் முடிய வேண்டியது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2019 டிசம்பரில், சுமார் 42,000 கோடி ரூபாய்க்கு ஆலை ஆர்செலர்மிட்டல் கைக்கு மாறியது. பெரும்பாலான வங்கிகளுக்குக் கடனில் சுமார் 90 சதவீதம் திரும்பியது. சரக்கும் சேவையும் தந்தவர்கள் நிலை வேறு. ஒரு கோடி ரூபாய்க்குக் குறைவான பாக்கிகள் முழுதாகத் தீர்க்கப்பட்டன. அதற்கு மேல் வர வேண்டியிருந்தவர்களுக்கு முதலில் வகுத்த திட்டத்தில் ஒரு பைசாவும் இல்லை. எல்லோருக்கும் ஏறத்தாழ 60 சதவீதம் என்று 2019 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சமன்செய்தது. பணத்தைப் பங்கிடுவது கடன் கொடுத்தோர் குழுவின் வணிக முடிவு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் நவம்பரில் அதை ரத்து செய்தது.

சட்டம் இருக்கும் விதத்தில் அந்தத் தீர்ப்பு சரியே. திருத்த வேண்டியது சட்டத்தைத்தான்.

கடன் கொடுத்தோர் குழுவில் ஓட்டு உள்ளவை பெரும்பாலும் வங்கிகள். சரக்கு தந்தவர்களின் பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம். ஓட்டுப் போட முடியாது. ஆலையைக் கலைத்து விற்றால் அவர்களுக்குத் தேறும் தொகை, திட்டத் தொகையைக் கலைப்புக்கான வரிசைப்படி பங்கிட்டால் கிடைக்கும் தொகை, இவ்விரண்டில் அதிகமானதே சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சம். அந்த வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால் நிற்பதால் பல வழக்குகளில் அது பூஜ்யம். திவால் நடவடிக்கைச் செலவோ, ஆலோசகர் கட்டணம் உட்பட, எல்லோருக்கும் முன்னதாக முழுதாகத் தீர்க்கப்படுகிறது.

லேத் பட்டறை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். இன்வாய்ஸ், டெலிவரி சலான், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் இணைத்துப் ‘படிவம் பி’யில் பாக்கியைக் கோருகிறார். கைக்கு வராத அந்தப் பணத்துக்கு ஜிஎஸ்டியை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். அந்த வரியை அரசு திருப்பித் தருவதில்லை. வங்கிக்காவது அடமானச் சொத்து உண்டு; இவருக்கு எதுவும் இல்லை. நடவடிக்கை நடக்கும்போதும் ஆலை ஓட வேண்டுமென்றால் இவரைப் போன்றவர்கள் தொடர்ந்து சரக்கு அனுப்பியாக வேண்டும்.

பாக்கியின் அளவுக்கேற்ற ஓட்டுரிமையைச் சரக்கு தந்தவர்களுக்கு நாடாளுமன்றம் கொடுக்க வேண்டும். கலைப்பு மதிப்பைத் தாண்டிக் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைச் சிறு, குறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். 2022-இல் திருத்திய விதிப்படி, அப்படித் தாண்டிய தொகையில் 1 சதவீதம் தீர்வு வல்லுநருக்கு ஊக்கத்தொகையாகலாம். பட்டறைக்காரரின் பாக்கி தீர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்த பிறகே ஊக்கத்தொகை என்று அந்த விதியை மாற்றி எழுதுங்கள்.